நாற்பத்துமூன்றாம் நம்பர் ஹீல்ஸ்

பெட்டி பிரித்தபோது நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அதில் ஒரு பொருளை வெளியே எடுக்க விட்டிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து ஒருத்தன் அனுப்பிய கார்கோ பெட்டி வந்தால், வீட்டுக்காரர்கள் மட்டும் தனியாக இருந்து அதைப் பிரிக்கிற வழக்கம் கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்த பிறகுதான் டேப்பைக் கிழிப்பார்கள். யாருக்குச் சோப்பு, யாருக்குத் தைலம், யாருக்குப் போர்வை என்று எல்லார் கண் முன்னாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒளித்துக் கொடுத்தால் பொல்லாப்பு. தென்காசியில் என் நண்பனுடைய வீட்டிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அனுப்ப வேண்டியவன் செத்துப் போய்விட்டான், உள்ளே இருப்பது அவன் கட்டிய லுங்கியும் போட்ட சட்டையும்தான் என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் ஆள் கூட்டி உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். சட்டை வந்தது. ஷேவிங் செட் வந்தது. தொழுகை விரிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு ஜோடி சிவப்பு ஹை ஹீல்ஸ் வந்தது.

புதிதாக இருந்தால் பெண்டாட்டிக்கு வாங்கி வைத்திருந்தான், பாவம், கொடுக்கக் கொடுத்து வைக்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் குதிகாலின் நுனி தேய்ந்திருந்தது. உள்ளே விரல் பதிந்த இடம் கறுத்திருந்தது. யாரோ நிறைய நாள் நடந்த செருப்பு. அவ்வளவுதான், அவன் அங்கே ஒருத்தியை வைத்திருந்தான் என்று அன்றைக்கே தெரு முழுவதும் பேசி முடித்துவிட்டார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் அவனுடைய மைத்துனர், அவன் மனைவிக்கு அண்ணன். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் அவருக்குப் பழக்கடை. நான் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் சுரண்டையில் பஸ் ஏறி முதலில் அவரைப் பார்க்கத்தான் போனேன். நேராக வீட்டுக்குப் போக முடியாது. நண்பனின் மனைவி இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் சில மாதங்கள் அவர்கள் வீட்டுப் பெண் வெளியே வரமாட்டாள், அந்நிய ஆண் முன்னால் நிற்கமாட்டாள். அண்ணன் கூட்டிப் போகாமல் அந்த வாசலை மிதிப்பது முறையில்லை.

சீசன் ஆரம்பித்திருக்கவில்லை. அருவியில் பெயருக்குத்தான் தண்ணீர். பாதிக் கடைகள் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. அவர் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார், பெட்டி பிரித்த கதையைத் தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தார்.

"அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்திய. அவ யாருன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்படி யாரும் இல்லை என்றேன்.

"அப்ப அந்தச் செருப்பு தானா நடந்து பெட்டிக்குள்ள போச்சாக்கும்" என்றார்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். யாருடைய செருப்பு என்று எனக்குத் தெரியும். அவன் காலில் அதைப் பார்த்திருக்கிறேன், வருஷக்கணக்கில்.

நானும் அவனும் அங்கே ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தோம். அவன் கடைக்குள் விற்பனை, நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். குடோனுக்கு மேலே எங்கள் இருவருக்கும் ஒரு அறை. அதற்கு மேலே மொட்டை மாடி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். சுரண்டை என்று நான் சொன்ன அன்றைக்கே பக்கத்து ஊர்க்காரர் என்று ஒட்டிக்கொண்டான். நல்ல பையன், ஆனால் எப்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டே நிற்பான். மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் தலை குனிந்துவிடும். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிவிடுகிறவனுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மேனேஜருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் கடை திறக்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்துத் தன்னம்பிக்கை வீடியோ போட்டுக் காட்டுவார். நாலு மணிக்கு எழுந்திரு, பச்சைத் தண்ணீரில் குளி, நெஞ்சை நிமிர்த்து, கண்ணாடியைப் பார்த்து நான் சிங்கம் என்று சொல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்பளம் கூட்டிக் கேட்டால் காது கேட்காது, சிங்கம் என்று சொல்ல மட்டும் ஆள் வேண்டும். ஆனால் இவன் அதைக் கர்மசிரத்தையாகக் கேட்பான். அறைக்கு வந்து கண்ணாடி முன்னால் தோளைப் பின்னுக்கு இழுத்து நிற்பான். கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு பழையபடி முன்னால் விழுந்துவிடும். என்னலே சிங்கம், பசிக்குதா என்று கேலி பண்ணுவேன். சிரித்துக்கொண்டு சோறு வடிக்கப் போய்விடுவான்.

அந்தச் சிவப்பு ஜோடி கழிவில் வந்தது. பெண்கள் செருப்பில் நாற்பத்துமூன்றாம் நம்பர் எப்போதாவதுதான் போகும். வாரில் கீறல் விழுந்ததென்று மேனேஜர் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார். இவன் அறைக்குக் கொண்டுவந்து, சும்மா விளையாட்டுக்குக் காலை நுழைத்தான். நுழைத்தவன் அப்படியே நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தான். பிறகு சுவரை விட்டான்.

"அண்ணாச்சி, இதுல ஏறுனா குனிய முடியல. குனிஞ்சா விழுந்திருவேன்" என்றான்.

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். கோட்டி பிடிச்சிருக்காலே, ஊருக்குத் தெரிஞ்சா உன் பொண்டாட்டி பிள்ளை தெருவில் நடக்க முடியுமா என்று கேட்டேன். அவன் கழற்றவில்லை. அந்த வாரம் முழுக்க அவனோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அதற்கும் அவன் கழற்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் குளிக்கப் போயிருந்தபோது நானே அதைப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே அளவு. காலை முதல் ராத்திரி வரை ஸ்டியரிங் முன்னால் மடங்கிக் கிடக்கிற முதுகு, படக்கென்று நேரானது. கண்ணாடியில் ஒரு ஆள் நின்றான், அவனைப் பார்க்க எனக்கு வெறுப்பாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது? பெண் வேஷம் போடுகிற ஆசை இல்லை, ஆண் என்பதில் எனக்கோ அவனுக்கோ ஒரு குறையும் இல்லை. ஏன் அது பிடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. கேட்கிறவனைத்தான் ரெண்டு வைக்கத் தோன்றும். அடுத்த மாதமே எனக்கென்று கறுப்பில் ஒரு ஜோடி எடுத்துவிட்டேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை காலை எங்களுடையது. ஜும்மா தொழுகை முடிந்துதான் கடை திறப்பார்கள். அறைக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதில் அவன் கண்டிப்பு, அதனால் ஹீல்ஸின் அடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் போடுவான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்போம். ஊருக்குப் போன் பேசுவதும் அந்த நேரத்தில்தான். பெண்டாட்டியோடு பேசும்போது அவன் குரலே வேறு மாதிரி இருக்கும், சத்தமாகச் சிரிப்பான். அந்த வருஷம்தான் மேனேஜரிடம் முதல் தடவையாக முடியாது என்று சொன்னான். லீவு நாளில் குடோன் கூட்டச் சொன்னதற்கு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலை குனியவில்லை, காலில் சாதாரணச் செருப்புதான் போட்டிருந்தான்.

இந்த ஜனவரியிலும் வீடியோ போட்டார்கள். அறைக்கு வந்ததும், இந்த வருஷத்துக்கு ஒன்றே ஒன்றுதான் தீர்மானம் என்றான்.

"அவகிட்ட சொல்லிருதேன் அண்ணாச்சி. எத்தன நாள்தான் ஒளிப்பேன். அவ கோவப்படுவா, பொறவு சிரிச்சிருவா. எனக்குத் தெரியும்."

வாயை மூடிக்கொண்டு இருலே, இருக்கிற நிம்மதியைக் கெடுத்துக்காதே என்றேன். சிரித்தான். ஆனால் அந்த மாதம் முதல் வெள்ளிக்குப் பிறகு அவன் பண்ணிய போனை அவள் எடுக்கவில்லை. என்ன கோபமோ தெரியவில்லை, எடுப்பாள் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மாதம் முடிவதற்குள், ஒரு மத்தியானம், செருப்பு மாட்டிவிடுகிற அந்தக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. அங்கேயே அடக்கம் பண்ணினோம். நான் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தபோது, புது ஆளுக்குக் கட்டில் வேண்டும் என்று அவன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அள்ளிப்போட்டு அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்ததையும் சேர்த்துத்தான்.

இவ்வளவையும் அந்தப் பழக்கடையில் உட்கார்ந்து சொல்ல முடியுமா? மைத்துனர் எழுந்து பைக்கை எடுத்தார். தங்கச்சி உங்களிடமே கேட்க வேண்டும் என்கிறாள், வாங்க என்றார். அவளுக்குப் பதில் தெரியாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, சோறு இறங்கவில்லை, பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்து நான் யோசித்தது ஒன்றுதான். நான் வாயைத் திறக்காவிட்டால் அவன் காலத்துக்கும் கூத்தியாள் வைத்திருந்தவன். அவன் பிள்ளைகள் அப்படிப்பட்டவனின் பிள்ளைகள். திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். உள்ளறை வாசலில் பூப்போட்ட திரை. அதற்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் பார்த்ததே இல்லை, குரல் தெரியும். வாங்க அண்ணாச்சி, நல்லாருக்கியளா என்று கேட்டாள். அடக்கம் எப்படி நடந்தது என்று கேட்டாள். யார் யார் வந்தார்கள், மண் போடும்போது நான் இருந்தேனா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். பிறகு, அவ எந்த ஊர்க்காரி என்றாள். கோபமே இல்லை. விலாசம் விசாரிக்கிற குரல்.

"அது அவன் செருப்பும்மா. அவன் போட்டது" என்றேன்.

மைத்துனர் முதலில் சிரித்தார். செத்தவனைக் காப்பாற்ற இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கழிவில் வந்த ஜோடி, வெள்ளிக்கிழமை, தோள், கண்ணாடி, என்னுடைய கறுப்பு ஜோடி உட்பட. சொல்லச் சொல்ல அவர் முகம் கோணிக்கொண்டே போனது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பேசினாள். வெள்ளிக்கிழமைகளில் அவன் பேசும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்குமாம். தரையில் யாரோ நடக்கிற மாதிரி, டக்கு டக்கென்று, ஒரு பெண்ணின் நடை. யார் என்று கேட்டால் மேல் வீட்டில் நடக்கிறார்கள் என்பானாம். உங்கள் அறைக்கு மேலே மொட்டை மாடி என்று ஒருமுறை நீங்கள்தான் போனில் சொன்னீர்கள், அன்றைக்குச் சந்தேகம் விழுந்தது என்றாள். புது வருஷத்து முதல் வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் ரொம்பப் பக்கத்தில் கேட்டிருக்கிறது. அவன் பேச ஆரம்பிக்கும் முன்பே போனை வைத்துவிட்டாளாம்.

"அந்தச் சத்தம் எனக்கு மறக்காது. நடந்து காட்டுங்க அண்ணாச்சி. நான் இங்கன இருந்து கேக்கேன்."

மைத்துனர் எழுந்துவிட்டார். வீட்டுக்குள் இதென்ன அசிங்கம் என்றார். நீ சும்மா இருண்ணே என்று உள்ளிருந்து ஒரே சொல்தான் வந்தது. அவர் உட்கார்ந்தார்.

செருப்பை வீட்டுக்குள் வைக்க மனசில்லாமல் கொல்லையில் பாத்ரூமுக்குப் பக்கத்தில் சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். நானே போய் எடுத்தேன். எறும்பு ஏறியிருந்தது. தட்டினேன், குழாயடியில் அடியைக் கழுவித் துண்டால் துடைத்தேன். சுரண்டையில் என் வீட்டுக்காரிக்கு ஒன்றும் தெரியாது. கட்டிக் கொடுத்த மகள் தென்காசியில்தான் இருக்கிறாள், நாலு தெரு தள்ளி. இந்த மைத்துனர் வாயைக் கட்டிப்போட யாராலும் முடியாது. இப்படியே பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உண்மைதான்.

அவன் செருப்பில் கால் போட்டேன். விரல் பதிந்த பள்ளம் அவனுடையது, என் விரல் அதில் சரியாக உட்காரவில்லை. மைத்துனர் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வாசலிலிருந்து ஜன்னல் வரை நடந்தேன். மொசைக் தரை, ஒவ்வொரு அடியும் வீடு முழுக்கக் கேட்டது. கூச்சத்தில் தலை தன்னால் தாழப் பார்த்தது, தாழ்த்தினால் கால் இடறும் என்பதால் நிமிர்ந்துதான் நடக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். நின்றேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

மறுபடி நடந்தேன். இந்தத் தடவை மெதுவாக, போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் நடக்கிற வேகத்தில், ஜன்னலருகே வந்ததும் அவன் செய்வதுபோல ஒருமுறை குதிகாலைத் தட்டி.

"போதும். இதான்" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை.

மைத்துனர் எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுக்கு அங்க ஒருத்தி இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் செருப்பைக் கழற்றி அவர் முதுகிலேயே போட்டிருப்பேன். பொம்பளை வைத்திருந்தால் இவர்களுக்கு வெட்கம் கிடையாது, நாலு பேரிடம் உட்கார்ந்து திட்டலாம், ஆறுதல் வாங்கலாம். யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாமல் தன் அறையில் நிமிர்ந்து நடந்தவன்தான் இவர்களுக்குக் கேவலம். சாவு வீட்டில் என்ன பேச? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் அழுகை ஒருவாறு அடங்கியது. அப்போதுதான் கேட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழமைலேருந்து நான் போனே எடுக்கல அண்ணாச்சி. அவிய கூப்பிட கூப்பிட கட் பண்ணுனேன். கடைசி நாளும் விடாம கூப்டாவ. இதச் சொல்லத்தான் கூப்டாவளா?"

கடைசி நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் குடோன் படியில் நின்று போனைக் காதில் வைத்திருந்தான். இன்னைக்கு எடுத்துருவா அண்ணாச்சி, எடுத்தாள்னா மொத வார்த்தையே இதுதான் என்றான். நான் வண்டியை எடுத்தபோதும் அப்படியே நின்றுகொண்டிருந்தான். தோள் நேராக இருந்தது. திரும்பி வந்தபோது அவனைப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் எடுத்த தீர்மானம் அது. வாழ்நாளில் அவன் துணிந்ததிலேயே பெரிய காரியம் அதுதான். அதை அவளிடம் சொல்ல என்னைத் தவிர ஆள் கிடையாது. ஆனால் சொன்னால், அவள் கட் பண்ணிய ஒவ்வொரு போனும் அதுவாகிவிடும். இத்தா முடிந்தாலும் அவள் அந்தத் திரையை விட்டு வெளியே வரமாட்டாள்.

"இல்லம்மா. பாஸ்போர்ட் முடியப்போகுது, ஊர்லேருந்து என்னமோ பேப்பர் வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தான். அதுக்காத்தான் கூப்பிட்டிருப்பான்."

"இத எங்கிட்ட சொல்லணும்னு அவிய நெனைக்கவே இல்லியா?"

"இல்ல" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். குரலில் இருந்த இறுக்கம் விட்டிருந்தது.

"அதான பாத்தேன். அவியளுக்கு ஏது அண்ணாச்சி அவ்வளவு தைரியம்."

"ஆமாம்மா, கெடையாது" என்றேன்.